முதிர்ந்த வீரருக்கு நீண்ட ஒப்பந்தமா?



ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்க்குத் தியான்சந்தும், புல்தரையும், ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ஹாக்கி அன்று. உறைந்த தளத்தின் மீது, சறுக்குக் கத்தி பொருத்திய காலணி அணிந்து, பந்துக்குப் பதிலாக ரப்பர் வில்லை ஒன்றை மட்டையால் விரட்டி ஆடுகின்ற பனி ஹாக்கியைப் பற்றியது இவ்வுரை. நம் நாட்டிலும் லடாக் பகுதியில், குளிர்காலத்தில் உறைந்துபோன குளங்களின் மேல் இளைஞர்கள் இதனை ஆடி வருகின்றனர். ஆயினும் இவ்விளையாட்டின் பெரிய அரங்கு வட அமெரிக்காவில் உள்ளது. தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பில் 32 அணிகள் ஆடுகின்றன. அவற்றுள் 7 கனடாவைச் சேர்ந்தவை. எஞ்சிய 25 அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தவை.

தில்லியில் அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்துக் காலம் கழிக்கும் எனக்கும் பனித்தளத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். என் தங்கையின் குடும்பம் டொராண்டோ நகரில் குடியேறியிருக்கிறது. அவள் மகன் அந்நகர அணியின் தீவிர அன்பன். சென்ற முறை பேசியபோது, "முப்பது வயதைத் தாண்டிய வீரருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் கொடுப்பது சரிதானா, மாமா?" என்று கேட்டான். அப்போது என்னால் விடை சொல்ல இயலவில்லை. பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, இது விளையாட்டைப் பற்றிய வினா மட்டும் அன்று, உழைப்புக்கும் வயதுக்கும் ஊதியத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய வினா என்பது புலனாயிற்று. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்திருக்கும் நம்மைப் போன்றோர் இதனைக் கேட்டுச் சிந்திப்பதில் தவறில்லை என்று எண்ணுகிறேன்.

முதலில் அங்குள்ள முறையை விளக்கிவிடுகிறேன். ஓர் இளைஞனுக்கு 18 வயது ஆகும்போது, அணிகள் முறை வைத்து இளைஞர்களைத் தெரிவு செய்கின்றன. தெரிவு செய்த அணிக்கே அவன் உரியவன் ஆகிறான். முதல் ஒப்பந்தத்தில் அவன் பெறக்கூடிய ஊதியத்துக்கும் வரம்பு உண்டு. அவன் எத்துணைத் திறமை காட்டினாலும், 27 வயது நிரம்பும் வரையோ, ஏழு பருவங்கள் ஆடி முடிக்கும் வரையோ, தன் விருப்பப்படி வேறு அணிக்குச் செல்ல இயலாது. அதன் பின்னர், நடப்பு ஒப்பந்தம் முடிந்ததும், பெரும்பாலும் ஜூலை மாதம் முதல் நாளன்று, அவன் எந்த அணியுடனும் பேசிக்கொள்ளலாம். இத்தகையவரை ஆங்கிலத்தில் குறிக்கும் தொடரைத் தமிழாக்க முயன்றபோது மொழிபெயர்ப்பாளனாகிய நான் சற்றுத் தயங்கினேன். 'சுதந்திர வீரர்' என்றால் விடுதலைப் போராட்டம் நினைவுக்கு வரும். ஆதலால் 'கட்டு நீங்கிய வீரர்' என்றே இவ்வுரையில் குறிப்பிடுகிறேன்.

இந்த முறையிலேயே ஒரு சிக்கல் அடங்கியிருக்கிறது. புள்ளிவிவரங்களை ஆராய்ந்தவர்கள், முன்னணியில் ஆடும் வீரரின் கோல் அடிக்கும் திறன் இருபதுகளின் நடுவில் உச்சியை எட்டுகிறது என்றும், முப்பதுக்குப் பின் இறங்குமுகம் காண்கிறது என்றும் பெரும்பாலும் ஒத்த கருத்துடன் கூறுகின்றனர். பனி ஹாக்கியில் வேகமே உயிர். கால் ஒரு நொடி தாமதித்தால் வில்லை கை மாறிவிடும். அவ்வாறிருக்க, வீரர் சந்தைக்கு வருவதே 27 அல்லது 28 வயதில்தான். அவருடைய சிறந்த ஆண்டுகளைத் தாய் அணி அனுபவித்துவிட்டது. புதிய அணி வாங்குவது பெரும்பாலும் எஞ்சிய ஆண்டுகளையே. மேலும், மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் ஒன்றை அறிவார்கள். மாட்டைப் பற்றி விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது. பத்தாண்டுகள் உடன் வைத்திருந்த அணி ஒரு வீரரைப் போகவிடுகிறது என்றால், அவருடைய முழங்காலைப் பற்றியும் முதுகைப் பற்றியும் அந்த அணி அறிந்தது ஏதேனும் இருக்கலாம் அல்லவா?

அப்படியிருந்தும் அணிகள் ஏன் நீண்ட ஒப்பந்தம் கொடுக்கின்றன? இதற்கு விடை 2005ஆம் ஆண்டில் இருக்கிறது. 2004-05ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும், உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் ஏற்பட்ட ஊதியத் தகராற்றினால் ஓர் ஆட்டம்கூட நடவாமல் கழிந்தது. முடிவில் ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. முதலாண்டில் அது 3.9 கோடி டாலர். 2024-25இல் 8.8 கோடி, 2025-26இல் 9.55 கோடி. இந்த வரம்புக்குள்தான் ஏறத்தாழ 23 வீரர்கள் கொண்ட அணியை அமைத்தாக வேண்டும்.

வரம்பைக் கணக்கிடும்போது, வீரருக்கு அவ்வாண்டில் உண்மையாகக் கொடுத்த பணத்தைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரியையே பார்க்கிறார்கள். ஒரு வீரர் 4 கோடி டாலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்குக் கொடுத்தால் வரம்பில் ஆண்டுக்கு 80 லட்சம் போய்விடும். அதே தொகையை எட்டாண்டுக்குப் பரப்பினால் 50 லட்சமே கணக்கில் வரும். மிச்சமாகும் 30 லட்சத்தில் இன்னொரு நல்ல வீரரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, ஒப்பந்தத்தின் நீளம் என்பது வீரரின் ஆயுளைப் பற்றிய மதிப்பீடாக இல்லாமல் வகுத்தல் கணக்கில் கீழெண்ணைப் பெருக்கும் வழியாக ஆகிவிட்டது.

நம் நாட்டில் நிலத்துக்கு உச்சவரம்பு வந்தபோது, தொட்டிலில் கிடந்த குழந்தையின் பெயரிலும் நிலம் எழுதப்பட்ட கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். அங்கே ஹாக்கி அணிகள், வீரர் ஆடப்போகாத ஆண்டுகளின் பெயரில் பணத்தை எழுதின. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ரஷ்ய வீரர் இல்யா கோவல்சுக். 2010ஆம் ஆண்டு ஜூலையில், நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி அவருடன் 17 ஆண்டுகளுக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அதில் 9.85 கோடி முதல் 11 ஆண்டுகளுக்கு உரியது. இறுதி ஆறு ஆண்டுகளுக்குச் சேர்த்து வெறும் 35 லட்சம். ஒப்பந்தம் முடியும்போது வீரருக்கு 44 வயது ஆகியிருக்கும். இது உச்சவரம்பை ஏய்க்கும் செயல் என்று லீக் அதனை ஏற்க மறுத்தது. நடுவரும் லீக்கின் பக்கமே தீர்ப்பளித்தார். பின்னர் 15 ஆண்டுக்கு 10 கோடி என்று திருத்தி எழுதினார்கள். அதிலும் மூன்று பருவங்களே நிறைவேறின. 2013இல் கோவல்சுக் அந்த லீக்கிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்துத் தாய்நாடு திரும்பி, அங்கே ஆடத் தொடங்கினார்.

இத்தகைய செயல்களின் விளைவாக 2013ஆம் ஆண்டு உடன்படிக்கையில் காலவரம்பு புகுந்தது. தன் சொந்த வீரருக்கு எட்டாண்டு, வெளியிலிருந்து வரும் வீரருக்கு ஏழாண்டு என்பது அவ்வரம்பு. 2025இல் ஏற்பட்ட புதிய உடன்படிக்கை, 2026 செப்டம்பர் முதல் இவற்றை ஏழு, ஆறு எனக் குறைத்தது. ஒவ்வொரு முறையும் உரிமையாளர்கள் தங்கள் கைகளைத் தாங்களே கட்டிக்கொள்ளும் விதியைக் கேட்டுப் பெறுகிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. மற்ற அணி கொடுத்துவிடுமே என்ற அச்சம் அவர்களை விடுவதில்லை.

நீண்ட ஒப்பந்தம் எப்படித் திரும்பிக் கடிக்கும் என்பதற்கு மின்னசோட்டா வைல்டு அணியின் வரலாறு போதும். 2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அவ்வணி, ஜாக் பரீசே, ரையன் சூட்டர் என்னும் கட்டு நீங்கிய வீரர்கள் இருவரையும் ஒரே நாளில் சேர்த்துக்கொண்டது. ஆளுக்கு 13 ஆண்டு, ஆளுக்கு 9.8 கோடி டாலர். இருவருக்கும் அப்போது 27 வயது. அதற்கு முன் நான்கு பருவங்களாக அவ்வணி கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. ஊரே திருவிழாக் கொண்டாடியது. அவர்கள் வந்த பின் தகுதி பெறுவது வழக்கமாயிற்று என்பது உண்மை. ஆயினும் இரண்டாவது சுற்றைக் கடக்க அவ்வணியால் இயலவே இல்லை. 2021 ஜூலையில், ஒப்பந்தத்தில் நான்காண்டு எஞ்சியிருக்கும்போதே, இருவரையும் பணம் கொடுத்து விலக்கிவிட்டார்கள்.

விலக்கினால் கணக்கு தீர்ந்துவிடுமா? தீராது. அந்த லீக்கில் ஒப்பந்தப் பணம் உறுதி செய்யப்பட்ட பணம். 26 வயது கடந்த வீரரை விலக்கினால், எஞ்சிய ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கை, எஞ்சிய ஆண்டுகளைப் போல் இருமடங்கு காலத்துக்குக் கொடுத்தாக வேண்டும். உச்சவரம்பிலும் அதன் சுமை தொடரும். மின்னசோட்டாவுக்கு 2023-24, 2024-25 ஆகிய இரு பருவங்களில் ஆண்டுக்கு 1.47 கோடி டாலர் இவ்வாறு அடைபட்டுப் போயிற்று. இது அவ்வணியின் மொத்த வரம்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. களத்தில் இல்லாத இருவருக்காக, களத்தில் இருந்தவர்கள் ஐந்து பங்குப் பணத்தில் அமைந்த அணியாக, ஆறு பங்கு உள்ள அணிகளுடன் மோதினார்கள்.

என் மருமகனின் டொராண்டோவுக்கும் இதில் ஒரு கதை உண்டு. 2013ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வணி 29 வயதான டேவிட் கிளார்க்சனுக்கு ஏழாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அதே கோடையில் கொலம்பஸ் அணி 28 வயதான நேதன் ஹார்ட்டனுக்கு ஏழாண்டு கொடுத்தது. கிளார்க்சன் எதிர்பார்த்தபடி கோல் அடிக்கவில்லை. ஹார்ட்டன் முதுகு நோயால் 36 ஆட்டங்களோடு நின்றுவிட்டார். இரண்டாண்டு கூட நிறையவில்லை; 2015 பிப்ரவரியில் இரு அணிகளும் இவ்விரு ஒப்பந்தங்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டன. இனி ஆடவே இயலாத வீரரின் ஒப்பந்தத்தை டொராண்டோ விரும்பி வாங்கிற்று. காயமுற்றோர் பட்டியலில் வைத்தால் வரம்பில் சலுகை கிடைக்கும் என்பதே காரணம். ஆடும் வீரரைவிட ஆடாத வீரரின் தாள் மேல் என்று ஓர் அணி கருதும் நிலையை அந்த ஒப்பந்தம் உண்டாக்கியது. மனிதர்கள் இருவருடைய பெயர்கள் அவ்வாறு கணக்குப் புத்தகத்தில் இடம் மாறியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இதுவரை ஒரு பக்கத்தையே கூறினேன். மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

மரியான் ஹோசா என்னும் ஸ்லோவாக்கிய வீரர், 2009ஆம் ஆண்டு தம் 30ஆவது வயதில் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியுடன் 12 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். வயதையும் நீளத்தையும் மட்டும் பார்த்தால் பரீசேயின் ஒப்பந்தத்தைக் காட்டிலும் துணிச்சலானது இது. அவர் எட்டுப் பருவங்கள் ஆடினார். அதற்குள் 2010, 2013, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் சிகாகோ ஸ்டான்லி கோப்பையை வென்றது. பின்னர்த் தோல்நோய் காரணமாக அவர் ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தது. எஞ்சிய ஒப்பந்தம் 2018இல் அரிசோனா அணிக்கு மாற்றப்பட்டது. அந்தப் பன்னிரண்டாண்டு ஒப்பந்தம் தவறு என்று சிகாகோவில் எவரும் கூறமாட்டார்.

அடுத்து, செர்கே போப்ரோவ்ஸ்கி. 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று, 30 வயதான இந்தக் கோல் காப்பாளருக்குப் புளோரிடா பேந்தர்ஸ் அணி ஏழாண்டுக்கு 7 கோடி டாலர் கொடுத்தது. முதல் பருவமே ஏமாற்றமாக முடிந்தது. நாளேடுகள் அவ்வொப்பந்தத்தைப் பெரும்பிழை என்று எழுதின. 2023இல் இறுதிச் சுற்றுகள் தொடங்கியபோது அவர் மாற்று ஆளாக உட்கார வைக்கப்பட்டிருந்தார். பின்னர் அதே சுற்றில் மீண்டும் களம் இறங்கினார். அவ்வாண்டு அணி இறுதிப் போட்டி வரை சென்றது. 2024இலும் 2025இலும் கோப்பையை வென்றது. அதாவது, அனைவரும் அஞ்சிய ஐந்தாவது, ஆறாவது ஆண்டுகளே அந்த ஒப்பந்தத்தின் பொற்காலமாக அமைந்தன.

விதிவிலக்கான உடல்களும் உண்டு. கோர்டி ஹோ என்னும் பெருவீரர் 1979-80ஆம் ஆண்டுப் பருவத்தில் ஹார்ட்போர்டு அணிக்காக 80 ஆட்டங்களும் ஆடி 15 கோல்கள் அடித்தார். அப்பருவத்தின்போது அவருக்கு 52 வயது நிறைந்தது. அலெக்ஸ் ஒவெச்கின் 35 வயதில் தம் சொந்த அணியிடமிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தம் பெற்றார். அதன் நான்காம் ஆண்டில், 2025 ஏப்ரல் 6ஆம் நாள், தம் 895ஆவது கோலை அடித்து, வெயின் கிரெட்ஸ்கியின் சாதனையைக் கடந்தார்.

வீரர் தரப்பில் ஒரு நீதி வாதமும் உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 18 வயது முதல் 27 வயது வரை, தம் உடல் மிகச் சிறப்பாக இருந்த காலத்தில், சந்தை விலை கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. பல்லும் எலும்பும் உடைய ஆடியது அப்போதுதான். கட்டு நீங்கியபின் அவர் கேட்கும் நீண்ட ஒப்பந்தம் பழைய பாக்கியே அன்றிப் புதிய பேராசை அன்று என்பது அவ்வாதம். நாளை ஒரு மோதலில் வாழ்க்கை முடிந்துவிடக்கூடிய தொழிலில், உறுதியான ஆண்டுகளைக் கேட்பது எவருக்கும் இயல்பே. மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நம்பி வாழும் என் போன்றோர் அதனைக் குறை கூறுவது பொருந்தாது.

ஆனால் இந்த வாதத்தில் ஓர் இடறல் இருக்கிறது. பாக்கியைத் தீர்ப்பவர் யார்? உரிமையாளர் தம் பையிலிருந்து கூடுதலாகக் கொடுப்பதாக இருந்தால் நான் வீரரின் பக்கமே நிற்பேன். உச்சவரம்பு உள்ள அமைப்பில் அவ்வாறு நடப்பதில்லை. விளையாட்டின் வருமானத்தில் பாதி வீரர்களுக்கு, பாதி உரிமையாளர்களுக்கு என்பது 2013 முதல் அங்குள்ள உடன்பாடு. வீரர்களின் பங்கு பாதியைத் தாண்டிவிடாமல் இருக்க, ஒவ்வொருவர் ஊதியத்திலிருந்தும் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கிறார்கள். ஆகவே, 37 வயதில் தளர்ந்துவிட்ட வீரருக்குச் செல்லும் 70 லட்சம், அதே அறையில் உடை மாற்றிக்கொள்ளும் 22 வயது இளைஞனின் இலையிலிருந்து எடுக்கப்படுகிறது. நேற்று அவருக்குக் குறைவாகக் கொடுத்த அநீதி, இன்று இவனுக்குக் குறைவாகக் கொடுத்து ஈடு செய்யப்படுகிறது. நாளை இவனும் 28 வயதில் வந்து தன் பாக்கியைக் கேட்பான். நீதி வேண்டுமானால், வீரர் முன்னதாகவே கட்டு நீங்கவும் இளமையிலேயே உரிய ஊதியம் பெறவும் வழி செய்ய வேண்டும். முதுமையில் வட்டியோடு கொடுப்பது அந்நீதியைத் தள்ளிப்போடுவதே ஆகும்.

இனி, கொடுக்கலாமா கூடாதா என்ற வினாவுக்கு வருகிறேன். மேலே சொன்ன எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. ஹோசா சேர்ந்த சிகாகோ, அதற்கு முந்திய பருவத்திலேயே இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே வரை சென்றுவிட்ட அணி. அங்கே இளம் வீரர்கள் பழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருவரே குறை. அவருடைய முதல் ஆறாண்டுகள் எந்தக் காரியத்துக்குத் தேவையோ அந்தக் காரியம் கண்முன் இருந்தது. பரீசேயும் சூட்டரும் சேர்ந்த மின்னசோட்டாவோ, அணியைக் கட்டுவதற்கே அவர்களை அடித்தளமாகக் கொண்டது. வீடு எழும்புவதற்குள் அடித்தளத்துக்கு வயதாகிவிட்டது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று நாஷ்வில் பிரடேட்டர்ஸ் அணி, 34 வயதான ஸ்டீவன் ஸ்டாம்கோஸ், 33 வயதான ஜோனதன் மார்ஷசோ, 30 வயதான பிரேடி ஷே ஆகிய மூவருக்குமாக 10.85 கோடி டாலருக்கு ஒப்பந்தங்கள் எழுதியது. முறையே நான்கு, ஐந்து, ஏழு ஆண்டுகள். அப்பருவத்தில் அவ்வணி இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. ஸ்டாம்கோஸ் 16 பருவங்கள் டாம்பா பே அணியில் இருந்து, தலைவராக இரு கோப்பைகளை ஏந்தியவர். பழகிய ஊரையும் பழகிய தோழர்களையும் விட்டு வேற்றூர் சென்றால் கை உடனே படிவதில்லை என்பதை, இருபது ஆண்டுகளுக்கு முன் பெட்டியுடன் தில்லி ரயில் நிலையத்தில் இறங்கிய நானும் அறிவேன். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களும் அறிவீர்கள்.

போப்ரோவ்ஸ்கியின் கதை இந்த வேறுபாட்டுக்குள் முழுதும் அடங்காது. 2019இல் புளோரிடா பழுத்த அணி அன்று. அவர் வந்த பின்னரே அணி அவரைச் சுற்றி வளர்ந்தது. கோல் காப்பாளர் ஓடித் துரத்த வேண்டியதில்லை. அவர் நிற்கும் இடத்தில் அனுபவம் சற்று நீண்ட நாள் உதவுகிறது. அத்துடன் நற்பேறும் சேர்ந்தது என்று சொல்வதே நேர்மை. நற்பேற்றை நம்பி ஒருவர் முடிவெடுக்கலாம். அதனையே நெறியாகப் பிறருக்குச் சொல்ல இயலாது.

வேறொரு வழியும் உண்டு. ஜோ பவெல்ஸ்கி 13 பருவங்கள் சான் ஹோசே அணியில் ஆடியபின், 2019இல், 35 வயது நிறையச் சில நாட்களே இருக்கும்போது, டல்லஸ் ஸ்டார்ஸ் அணியுடன் மூன்றாண்டுக்கு 2.1 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆண்டுக்கு 70 லட்சம், நல்ல விலை, குறுகிய காலம். முதலாண்டிலேயே, 2020இல், அணி இறுதிப் போட்டி வரை சென்றது. மூன்றாம் ஆண்டில் அவர் 82 ஆட்டங்களில் 81 புள்ளிகள் பெற்றார். அதன் பின்னர் ஓராண்டு ஓராண்டாகப் புதுப்பித்துக்கொண்டு, 2024இல் மரியாதையோடு விடைபெற்றார். அவரை எவரும் சுமை என்று பேச நேரவில்லை.

ஆதலின் என் முடிவு இது. முதிர்ந்த கட்டு நீங்கிய வீரருக்கு அணிகள் பொதுவாகக் குறுகிய காலமும் கூடுதல் ஆண்டு ஊதியமும் கொடுப்பதே தகும். வரம்பில் இடம் அதிகம் போகும் என்பது உண்மையே. ஆனால் அந்த விலை இன்றே கண்ணுக்குத் தெரியும் விலை. நீண்ட ஒப்பந்தம் கொடுக்கலாம் என்பதற்கு ஒரே சூழ்நிலையைத்தான் நான் ஏற்பேன். அணி பழுத்திருக்க வேண்டும். அவர் ஒருவரே குறையாக இருக்க வேண்டும். இறுதி மூன்றாண்டுகள் கடன் என்பதைக் கையெழுத்திடும் நாளிலேயே அணியின் நிர்வாகி வெளிப்படையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். உச்சவரம்பு ஆண்டுதோறும் உயரும், அப்போது சுமை இலேசாகும் என்று சிலர் கூறுவர். 2019க்குப் பின்னும் அப்படித்தான் நம்பினார்கள். பெருந்தொற்று வந்தது, அரங்குகள் காலியாயின, 8.15 கோடி என்ற வரம்பு மூன்று பருவங்கள் அசையாமல் நின்றது.

2025 ஜூலையில் புளோரிடா அணி, 37 வயதான பிராட் மார்ஷாண்டுக்கு ஆறாண்டுக்கு 3.15 கோடி டாலர் கொடுத்தது. ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 43 வயது ஆகியிருக்கும். நான் சொன்ன நிபந்தனைகளில் முதலாவதை அவ்வணி நிறைவேற்றியிருந்தது. அப்போதுதான் இரண்டாவது கோப்பையை வென்ற அணி அது. 35 வயதுக்கு மேல் எழுதும் இத்தகைய ஒப்பந்தத்தில், வீரர் ஓய்வு பெற்றாலும் வரம்பில் சுமை தங்கிவிடக்கூடும் என்ற விதியும் உண்டு. அதை அறிந்தே கையெழுத்திட்டார்கள் என்றால் குறை கூறுவதற்கில்லை. 2031இல் அச்சுமையை இப்போதைய இளைஞர்கள் சுமக்க நேருமானால், அன்று அந்தக் கிழவீரரைப் பழிக்காமல் இருக்க வேண்டிய கடமையும் அவ்வூர் மக்களுக்கு உண்டு. அவர் கேட்டார், நிர்வாகி கொடுத்தார். கொடுத்தவரை மறந்துவிட்டுப் பெற்றவரை ஏசுவது நம் உலகில் எங்கும் நடப்பதுதான்.

நேயர்களே, எனக்கும் நாற்பத்தேழு ஆகிறது. மூக்குக் கண்ணாடியின் கனம் ஆண்டுதோறும் கூடுகிறது. அருகிலுள்ள இருக்கையில் இருக்கும் இளைஞர் நான் இரு நாளில் முடிக்கும் கோப்பை ஒரு நாளில் முடித்துவிடுகிறார். அரசு எனக்கு 60 வயது வரை இடம் கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு ஊதியமும் உயர்கிறது. எழுத்து வேலையில் வயது சிலவற்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது அதற்குள்ள நியாயம். ஒரு சொல்லுக்கு முன் தயங்கக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. பனித்தளத்தில் தயக்கத்துக்கு இடமில்லை. என் தொழிலின் நியாயத்தை அவர்கள் தொழிலுக்குப் பொருத்துவது தவறு; அவர்கள் தொழிலின் கடுமையை எல்லா அலுவலகங்களுக்கும் பொருத்த முனைவதும் தவறே. வயதானவரை எத்தனை ஆண்டு வைத்துக்கொள்வது என்று கணக்கிடுபவர்கள், அத்தொழிலில் வயது எதை எடுத்துக்கொள்கிறது, எதைக் கொடுக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த முறை என் மருமகன் பேசும்போது இவ்வளவையும் சொல்லலாம் என்றிருக்கிறேன். அவன் அணி கோடையில் யாரையேனும் ஏழாண்டுக்கு எடுத்தால், முதலாண்டின் கோல்களை மட்டும் எண்ணாதே, ஆறாம் ஆண்டில் உன் அணியில் யார் இருபத்திரண்டு வயதில் இருப்பான் என்பதையும் எண்ணிப் பார் என்று சொல்வேன். அவன் ஒப்புக்கொள்வான் என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை. அன்பர்களுக்கு ஜூலை முதல் நாள் என்பது கனவு காணும் நாள்.